வான்லாய் ஓட்டும் கடைசி வண்டி

தைவானில், கீலுங் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சீது என்ற ஊரில், நாலாம் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியேறியிருந்தேன். அங்கே வருஷத்தில் பாதி நாள் மழை. மழைச் சத்தம் சீக்கிரம் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தலைக்கு மேலே அடிக்கும் லாரி ஹாரன்தான் பழகவில்லை. எனக்கு மேலே மொட்டைமாடி. அங்கே லாரி ஏது?

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஏறிப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரம் அடித்த ஓர் அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே அறுபது வயது இருக்கும் ஒருவர், மேசையில் இறுக்கி மாட்டிய ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கணினித் திரைமுன் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு கன்டெய்னர் லாரி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். திட்டத்தான் போனேன். அவர் திரும்பாமலே கையைத் தூக்கி 'இரு' என்று காட்டினார். வளைவை முடித்தார், இண்டிகேட்டர் போட்டார், வண்டியை ஓரம் கட்டினார், கைப்பிரேக்கை இழுத்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

அவர் சொன்னது ஒன்றுமே எனக்குப் புரியவில்லை.

அவர் பெயர் தூ வான்லாய். சூ-ஹுவா மலைச்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். தூக்கம் வராமல் இருக்கப் பாக்கு மென்றார், அந்தச் சாலையில் ஓட்டுகிற எல்லோரையும் போல. வாயில் புற்று வந்தது. நாக்கில் பாதியையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டார்கள். மனைவி அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தார். மகள் தெற்கே காவ்ஷியுங்கில். காலையில் 'வணக்கம்' என்று பூப்படம் ஒன்று கைபேசிக்கு வரும், இவரும் பதிலுக்கு ஒரு பூ அனுப்புவார். பேச்சு அவ்வளவுதான். விடிந்ததும் காய்கறிச் சந்தையின் வண்டி நிறுத்துமிடத்தில் கையை ஆட்டி வண்டிகளை ஒதுக்கிவிடும் வேலை. அதற்கு வாய் தேவையில்லை.

அவர் பேசுவது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. இங்கே நான் திருத்தமாக எழுதுகிறேன். காதில் அப்படி விழாது.

அந்த விளையாட்டில் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்தே லாரிகளை வரிசையாக ஓட்டுவார்கள். தலைவி ஒரு பெண். விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயர் 'உப்புக்கோழி'. இவர் பெயர் 'கடைசி வண்டி'. பெயருக்கேற்ற பொறுப்பும் அதுதான்: வரிசையின் வால். யாராவது பின்தங்கினால் கூடவே நிற்பது, எல்லோரும் சுரங்கப்பாதையைத் தாண்டிய பிறகு முன்னால் இருப்பவளுக்குத் தகவல் கொடுப்பது. மற்றவர்கள் காதில் மாட்டிக்கொண்டு அரட்டை அடித்தபடி ஓட்டுவார்கள். இவர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருப்பார், பதிலைத் தட்டச்சுதான் செய்வார்.

"ஏன் அண்ணா, ஒருநாளாச்சும் வாயத் தொறக்க மாட்டீங்களா?" என்று உப்புக்கோழி கேட்பாள்.

"வீட்ல பேரப்புள்ளைங்க தூங்குது" என்று தட்டுவார்.

"அண்ணா வீட்ல எப்பப் பாரு ஆளு. குடுத்து வச்சவரு."

இதைப் படித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். அறையில் ஒரு கட்டில், ஒரு சோற்றுப்பானை, அந்தக் கணினி. அவ்வளவுதான்.

கணினிதான் வம்பாகிவிட்டது. கேம் ஆடுவதற்கென்றே மொத்தமாகக் கட்டி விற்கிற பெட்டி அது. கண்ணாடிப் பக்கமும் வானவில் விளக்குமாக இருக்கும். விளக்குக்குக் குறைவில்லை, உள்ளேதான் கஞ்சத்தனம். ரேம் ஒரே ஒரு துண்டு, எட்டு ஜிபி. சேமிப்புத் தட்டில் இடமே இல்லை. கூட்டத்தார் தைவான் முழுவதையும் வரைந்த புது வரைபடத்துக்கு மாறியதும் இவர் வண்டி சுரங்கத்துக்குள் உறைந்து நின்றது. நின்ற வண்டி திடீரென்று நாலு வண்டி தாண்டிக் குதித்து ஒருவன் தலைமேல் உட்கார்ந்தது.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் உப்புக்கோழி. "நிலாப் பண்டிகைக்கு முந்தின நாள் தீவச் சுத்தப் போறோம். அதுக்குள்ள மெஷின சரிபண்ணுங்க. இல்லன்னா அன்னைக்கு மட்டும் வேடிக்க பாருங்க. வாலுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்."

வான்லாய் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலேஜ்காரா, நீ இதத்தானே படிச்ச?"

இதைத்தான் படித்தேன். யுன்லினில் பூண்டு போடும் குடும்பம் எங்களுடையது. அதில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் கணினிப் பொறியியல். வியாபாரிகள் பார்க்கட்டும் என்று என் பட்டத்தைப் பூண்டுக் கிடங்குச் சுவரில் அப்பா மாட்டியிருக்கிறார். "ஒரு மத்தியான வேலை, பெரியப்பா" என்றேன்.

இருவரும் ரயில் ஏறித் தைப்பேயின் கணினிச் சந்தைக்குப் போனோம். கடைக்காரம்மா, வருகிற பையன்களை எல்லாம் கூப்பிடுகிற மாதிரி, சாப்பாட்டுப் பெட்டியை மூடாமலே கேட்டாள்.

"என்ன அழகா, என்ன வேணும்?"

"ரேம், பதினாறு ஜிபி ரெண்டு. எஸ்எஸ்டி ஒரு டெரா."

"டிடிஆர் நாலா, அஞ்சா? தெரியாம வாங்கிட்டுப் போயி, சொருகலன்னு நாளைக்கு வந்து நிக்காத."

போர்டைப் படம் பிடித்துக் கொண்டு போயிருந்தேன். பார்த்துவிட்டு, "பரவால்லையே, வெவரம்தான்" என்று பெட்டிகளை எடுத்தாள். வான்லாய் ஏதோ கேட்டார். கடைக்காரம்மா அவரைப் பார்த்தாள், அவர் போட்டிருந்த முகக்கவசத்துக்குக் கீழே தெரிந்த தழும்பைப் பார்த்தாள். பிறகு, "பெரியவரே! நல்ல! சாமான்! அஞ்சு! வருஷம்! வரும்!" என்று கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "நாக்குதான் இல்ல. எல்லாரும் காதப் போட்டு அடிக்கிறானுங்க."

அவர் கேட்டது விலை குறையுமா என்று அல்ல. அதைப் போட்டால் சுரங்கத்துக்குள் வண்டி நிற்காமல் போகுமா என்று.

மறுநாள் மத்தியானம் பெட்டியைக் கட்டிலில் படுக்க வைத்தோம். அதன் தலையில் இருந்த பச்சைப் பொட்டலத்தை அவர் முதலில் இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்தார். தேங்காய் வாசனைச் சோளப்பொரி. அதன் பெயருக்கே 'சொன்னபடி கேள்' என்றுதான் அர்த்தம்; எந்திரம் சொன்னபடி கேட்கவேண்டுமானால் அது மேலே இருக்கவேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பச்சைதான், மஞ்சள் ஆகாது, தேதி தாண்டக்கூடாது. எங்கள் அலுவலக சர்வர் அறையிலும் வரிசையாக இருக்கும். தேதி நெருங்கினால் பிரித்துத் தின்றுவிட்டுப் புதுசு வைப்பது வழக்கம். அவரால் பொரி தின்ன முடியாது; கஞ்சிதான். அதனால் பழையது எனக்கு வரும்.

திருகாணியின் மேல் 'கிழித்தால் உத்தரவாதம் இல்லை' என்று ஒரு சீட்டு. நான் தயங்குவதற்குள் அவர் கட்டைவிரல் நகத்தால் கிழித்துவிட்டார். பழைய துண்டைக் கழற்றினேன். புதுத் துண்டுகளை இரண்டு ஓரமும் 'டக்'கென்று கவ்வும்வரை அழுத்தினேன். பலகை வளைந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். சூயிங்கம் மாதிரி மெல்லிய எஸ்எஸ்டியைக் காலி இடத்தில் செருகி, எறும்பளவு திருகாணியால் முடுக்கினேன். மூடிப் பொத்தானை அமுக்கினேன்.

விளக்கெல்லாம் எரிந்தது. விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பு.

புது ரேம் போட்டால் முதல் தடவை அது தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, ஒருவருடைய ஒரே கூட்டத்துக்குப் போகும் வழி கறுத்துக் கிடக்க அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு.

"செத்துப்போச்சா?"

"இல்ல பெரியப்பா. யோசிக்குது."

"நீ யோசிக்கிற. அது கம்முனு கெடக்கு."

எழுந்து போய்ப் பச்சைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பெட்டியின் தலையில் வைத்தார். திரை கொஞ்ச நேரத்தில் உயிர் பெற்றது. முப்பத்திரண்டு ஜிபி. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பொட்டலத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"பட்டம் வாங்குனது நானு" என்றேன்.

"ஒனக்குப் பழசு இருக்குல்ல, அதத் தின்னு."

விளையாட்டைப் புதுத் தட்டுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தோம். நீளமான சுரங்கத்துக்குள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மறுபக்கம் கடல் வந்தபோது அவர் ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, கணினியோடு இலவசமாக வந்த ஹெட்செட்டை எடுத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

"இதுல மைக்கு இருக்கா?"

"இருக்கு."

"போட்டுவிடு."

பயணம் முடியும் இடத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி 'வந்துட்டேன்' என்று குரல் கொடுப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். இவர் மட்டும் எப்போதும் தட்டச்சு செய்வார். அந்த வாரம் முழுவதும் என் தலைக்கு மேலே அதே மூன்று வார்த்தை கேட்டது. கடைசி வண்டி, வந்துட்டேன். கடைசி வண்டி, வந்துட்டேன். நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. எனக்குத்தான் அவர் பேச்சு பழகியிருந்ததே.

பண்டிகைக்கு ஊருக்குப் போக எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. முந்தின நாளே, பண்டிகை வழக்கப்படி, சுற்றிலும் எல்லா மொட்டைமாடியிலும் அடுப்பு வைத்து இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகையும் குழந்தைகளின் கூச்சலும் தகரக் கதவுவழியாக உள்ளே வந்தன. வான்லாய் சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருந்தார். வண்டிகள் தீவைச் சுற்றின. எங்கேயும் உறையவில்லை. தைத்துங் பக்கத்தில் ஒருவன் பள்ளத்தில் விழுந்தபோது இவர்தான் நின்று கூட்டி வந்தார்.

கீலுங் துறைமுகம். ஒவ்வொரு வண்டியாக நின்றது. ஒவ்வொரு குரலாக வந்தது. உப்புக்கோழி வழக்கம்போல, "கடைசி வண்டி அண்ணா, டைப் பண்ணுங்க" என்றாள்.

அவர் மைக்கைத் திறந்தார். "கடைசி வண்டி. வந்துட்டேன்."

உப்புக்கோழிதான் முதலில் கத்தினாள், பிறகு மற்றவர்கள்.

"ஐயோ அண்ணா! அது என்ன, தண்ணிக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி!"

"மைக்கா அண்ணா அது? செங்கல்ல செஞ்சதா?"

"ரேமுக்குச் செலவு பண்ணீங்க, மைக்குக்குப் பண்ண மாட்டீங்களா? பேரன் அதுல பாலக் கொட்டிட்டானோ!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவர் குரலைக் கேட்டுவிட்ட சந்தோஷம்தான். நான் விசைப்பலகைப் பக்கம் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மைக்கை மூடிவிட்டு ஒரு விரலால் தட்டினார்: 'பழைய மைக். மாத்தணும்.'

கைப்பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார்.

"சொல்லிடலாமே பெரியப்பா" என்றேன். "நல்ல பிள்ளைங்கதானே."

"நல்ல பிள்ளைங்கதான். சொன்னா பாவம்னு என்னத் தூக்கி நடுவுல விட்டுருவாங்க. ரெண்டு பக்கமும் ஆளு வச்சுப் பாத்துக்குவாங்க." ஹெட்செட்டை அதன் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டார். "வாலு போயிரும்."

பக்கத்து மாடிக்காரர் ஒரு தட்டில் சுட்ட இறைச்சி கொண்டுவந்து வாசலில் வைத்துப் போனார். வான்லாய் அதை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த மாதம், பார்சல்களை வாங்கி வைக்கும் தெருமுனைக் கடைக்கு அவர் பெயரில் ஒரு பார்சல் வந்தது. கூட்டத்தார் காசு போட்டு வாங்கிய மைக், நல்ல ரகம், கால் வைத்தது. மேலே உப்புக்கோழி எழுதியிருந்தாள்: 'அண்ணா, இனிமே சாக்கு சொல்லக்கூடாது.' அவர் அன்றைக்கு நன்றி என்று தட்டினார். பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றும் தட்டினார்.

இப்போது எனக்கு ஷின்சூவில் வேலை. தூ வான்லாய் அதே தகர அறையில்தான் இருக்கிறார். காலையில் சந்தையில் வண்டி ஒதுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரிசையின் கடைசியில் ஓட்டுகிறார். மைக் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் ஒரு பச்சைப் பொட்டலம்.