நாலாவது கியரில் ஒரு போர் விமானம்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது பிள்ளைகளின் படிப்புக்காக. அப்படித்தான் என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பிள்ளைகள் இரண்டும் அப்போது ஒன்றாம் வகுப்பையே தாண்டவில்லை. வந்த வாரமே அவர் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து போட்டார். இரண்டாம் உலகப் போர் விமானத்தை ஓட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு. பகலெல்லாம் ஆபீசில் ஃபைலுக்கு நடுவே தூங்கி வழிகிற மனிதர், சாயங்காலம் ஆறு மணி ஆனால் வெள்ளைக்காரனுக்காக ஜெர்மன்காரனைச் சுடக் கிளம்பிவிடுவார்.

சுட்டாரா என்றால் இல்லை. விமானம் தரையை விட்டு எழும்பினால்தானே சுடுவதற்கு?

எனக்கு இதில் என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்கலாம். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிற டீச்சர். பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில், பேகம்பூரைத் தாண்டி. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டவுன் பஸ், அங்கே இறங்கி இன்னொன்று. அந்த இரண்டாவது பஸ் தன் இஷ்டத்துக்கு வரும். பிரேயர் மணிக்குப் பிறகு வந்தால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மசியில் கோடு. அந்த வருஷம் என் பெயருக்கு நேரே கோடுகளாகவே இருந்தன. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சத்தம் போட மாட்டார். சிரித்த முகத்தோடு, "இப்படியே போனா அடுத்த ஜூன்ல பிளஸ் டூவ வேற யாருக்காச்சும் குடுத்துரலாம் டீச்சர், உங்களுக்கும் அலைச்சல் இல்ல" என்றார். பத்து வருஷம் எடுத்த வகுப்பு. அன்றைக்கு லேபுக்குள் போய் அழுதேன்.

வீட்டில் ஸ்கூட்டர் இல்லையா? இருந்தது. நடந்தால் பத்து நிமிஷத்தில் போய்விடக்கூடிய ஆபீசுக்கு அதில் போய், வேப்பமரத்தடியில் நிறுத்தி, சாயங்காலம் அதிலேயே திரும்பி வருவார். எனக்குக் கொடுங்கள், கற்றுக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஒரே பதில்தான். பொம்பளைக்கு எஞ்சினோட பாஷை புரியாதாம். அது ஒரு கை வாகாம், படித்து வருவது இல்லையாம்.

எஞ்சின் பாஷை புரிந்த அந்த மகான் விமானம் ஓட்டிய லட்சணத்தைச் சொல்கிறேன். ஸ்கூட்டரில் கையை முறுக்கினால் போதும். அந்தக் காலத்து விமானத்துக்கு அது போதாது. பெட்ரோலையும் காற்றையும் எந்த அளவில் கலப்பது என்பதற்கு ஒரு நெம்புகோல், முன்னால் சுற்றுகிற விசிறியின் இறக்கைகள் எவ்வளவு சாய்ந்து காற்றை வெட்ட வேண்டும் என்பதற்கு ஒன்று, சூடு தணிய ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஒன்று. எல்லாவற்றையும் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கீபோர்டில் அதற்கதற்குப் பட்டன் உண்டு. அழுத்தினால் திரை ஓரத்தில் எத்தனை சதவீதம் என்று காட்டும். இதெல்லாம் தானாக நடக்கட்டும் என்று விட்டுவிடவும் அதிலேயே வழி இருந்தது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதினாலு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவர் அல்லவா!

முதலில் பெட்ரோல் கலவையைக் கூடிய மட்டும் குறைப்பார். கேட்டால் மைலேஜ். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெட்ரோலுக்கு மைலேஜ் பார்த்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ரேடியேட்டரை இறுக மூடுவார், திறந்தால் காற்று இழுக்குமாம். விசிறிச் சாய்வைப் பூஜ்யத்தில் வைப்பார். அதுதான் முதல் கியராம், அங்கிருந்து போகப் போக நூறுக்கு ஏற்ற வேண்டுமாம். விமானம் முக்கி முனகி ஓடுதளம் முழுக்க ஊர்ந்து, கடைசியில் இருக்கிற மரத்தில் போய் முட்டும். மறுபடியும் கிளப்புவார். மறுபடியும் அதே மரம்.

எப்போதாவது தப்பித் தவறி மேலே போய்விட்டால் இறங்கும்போது இன்னும் விசேஷம். சிறுமலையிலிருந்து இறங்குகிற எங்கள் ஊர் ஆம்பளைகள் செய்கிற வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடுவார்கள், பெட்ரோல் மிச்சமாம். இவர் ஆகாயத்திலும் அதையே செய்தார். ஓடுதளம் கண்ணில் பட்டதும் எஞ்சினை நிறுத்திவிடுவார். விமானம் ஒரு மைலுக்கு முன்னாலேயே வயலில் விழும். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "எறக்கத்துல எதுக்கு எஞ்சின்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மூன்று மாதம் பொறுத்தேன். ஒரு நாள் சப்பாத்தி மாவு பிசைந்த கையோடு வந்து, அந்தப் பூஜ்யம் முதல் கியராக இருக்க முடியாது, எஞ்சின் திணறுவது காதில் விழவில்லையா என்றேன். அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"அம்புட்டுத் தெரிஞ்சா நீயே ஓட்டிக் காமி. ஏத்தி, சுத்தி, முழுசா எறக்கிட்டா ஸ்கூட்டர் சாவிய உன் கையிலயே குடுத்துர்றேன்."

"சனிக்கிழமை மத்தியானம்" என்றேன்.

வாயை விட்டுவிட்டேனே ஒழிய, எந்தப் பட்டன் எதற்கு என்றுகூட எனக்குத் தெரியாது. தோற்றால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் சாவியைப் பற்றி மூச்சு விட முடியாது. நல்லவேளை, அந்த சி.டி.க்குள்ளேயே விளக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. கை வாகுள்ள மனிதர் அதைத் திறந்ததே இல்லை. சோறு வேகிற நேரத்தில், குழம்பு கொதிக்கிற நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். பாட நோட்டின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினேன். நான் சந்தேகப்பட்டது சரி. நூறில் வைத்தால் விசிறி காற்றைச் சின்னச் சின்னக் கவளமாக எடுக்கும், எஞ்சின் திணறாமல் வேகமாகச் சுற்றும். அதுதான் முதல் கியர். பூஜ்யம் என்றால் பெரிய பெரிய கவளம், வேகம் பிடித்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். மனிதர் மூன்று மாதமாகப் போர் விமானத்தை நாலாவது கியரில் கிளப்பிக்கொண்டிருந்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சனிக்கிழமை அவர் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கலவையைக் கூட்டினேன், ரேடியேட்டரைத் திறந்தேன், சாய்வை நூறில் வைத்தேன். மரம் வருவதற்கு வெகு முன்பே விமானம் எழும்பிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி அழகாகத்தான் இறக்கினேன். என்ன, சக்கரத்தை இறக்க மறந்துவிட்டேன். வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய்த் தீப்பிடித்தது. அவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கீபோர்டையே தலையில் போட்டிருப்பேன். பொழுது சாயும் வரை கெடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிளப்பினேன்.

இந்தத் தடவை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தேன், வகுப்பில் சொல்வது மாதிரி. ஓடுதளம் தெரிந்தது. எஞ்சினை அணைக்கவில்லை, பாதிக்கும் கீழே ஓட விட்டேன். சாய்வை மறுபடி நூறுக்குக் கொண்டுவந்தேன். சக்கரத்தை இறக்கினேன். ஒரு குதி குதித்தது, இரண்டாவது குதியில் உட்கார்ந்தது, ஓடி நின்றது. அவர் எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்து கீபோர்டின் மேல் வைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர், அதை மறுக்க மாட்டேன்.

நான் எதையும் புத்தகப்படி செய்கிறவள். சாவியை எடுக்குமுன் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றேன். உங்கள் லைசென்ஸைக் காட்டுங்கள், எந்த ஃபாரம், என்ன விவரம் என்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்மூருல அதெல்லாம் யாரு கேக்குறா?" என்றார்.

பதினாலு வருஷம்! இந்த மனிதரா எனக்கு எஞ்சின் பாஷை புரியாது என்றது? திங்கட்கிழமை இரண்டு ஃபாரம் வாங்கி வந்து இரண்டையும் நானே நிரப்பினேன். எல்.எல்.ஆர். வந்தது. லைசென்ஸ் கைக்கு வராமல் ரோட்டில் வண்டி எடுக்கக் கூடாது என்றேன்; ஒரு மாதம் அவர் ஆபீசுக்கு நடந்து போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மைதானத்தில், ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்து கற்றுக்கொடுத்தார். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தார்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். கால் தரையில் படக் கூடாது. நான் கால் ஊன்றாமல் போட்டுவிட்டு வந்தேன். அடுத்து அவர். பதினாலு வருஷத்துப் பழக்கம், திருப்பத்துக்குத் திருப்பம் காலை ஊன்றினார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது வண்டியை நான் எடுத்தேன். அவர் பின்னால் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டத்தில் நின்றபோது அவர் என் காதருகே மெதுவாகக் குனிந்தார்.

"நாளைக்கு என்னைய ஆபீஸ்ல எறக்கி விட்டுட்டுப் போறியா?"

"எட்டேகாலுக்கு வாசல்ல நிக்கணும். பிந்துனா நான் பாட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கே சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசலில் நின்றார். அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து என்னுடையது.