மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த பூட்டு

"விஷ்ஷ்..." என்று காதோரம் ஒரு சத்தம். அப்புறம் "டங்!"

மயிலாப்பூரில் மூன்றாம் மாடியில் பேச்சிலராகக் குடியிருந்த நாட்களை நினைத்தாலே எனக்கு முதலில் கேட்பது இதுதான்.

மாடிப்படிக்கு அடியில் எப்போதும் பூட்டிய கிரில் கேட். அதற்கு ஒரே சாவி. முதலில் வீடு திரும்புகிறவன் அதை மேலே கொண்டுபோய்விடுவான். அடுத்து வருகிறவன் தெருவில் நின்று கத்தினால், பால்கனியிலிருந்து சாவி பறந்து வரும்.

ஒருநாள் அது காற்றில் போய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. என் ரூம்மேட் செல்வம், சைதாப்பேட்டைக்காரன், உடனே ஒரு பழைய திண்டுக்கல் பூட்டைச் சாவியோடு சேர்த்துக் கட்டினான்.

"இனிமே எப்டி பறக்கும் மச்சி? வெயிட்டு கீதுல்ல?"

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். "சூப்பர்டா" என்றேன். அதற்கப்புறமும் டிகிரியைத் திருப்பிக் கேட்காத யூனிவர்சிட்டிக்கு நன்றி.

மறுநாள் மாலை கீழேயிருந்து குரல் கொடுத்தேன். செல்வம் போட்டான். அதே நொடி, வீட்டு ஓனர் வரதன் மாமா வாசலுக்குத் தலையை நீட்டினார். பளபளவென்ற வழுக்கை...

கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அது வந்துவிட்டது.

பூட்டு அவர் மூக்கை உரசாத குறையாகப் போய்ச் சிமெண்ட் படியில் இறங்கியது. படியின் முனை பெயர்ந்து தெறித்தது.

மாமா குனிந்தார். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தன் தலையைத் தடவினார்.

"ஏண்டா... கையில எடுத்தா ஒரு கனமும் இல்லியேடா இது?"

மேலேயிருந்து செல்வம், "மாமா, இன்னா ஆச்சு? அடி பட்ருச்சா?"

"பட்டிருந்தா உனக்குப் பதில் சொல்லிண்டு நிப்பேனாடா? கீழ வாடா!"

வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். மாமாவோ உள்ளே போய் ஒரு பழைய வேட்டியோடு வந்தார். பூட்டைக் கிரில் வழியாக, கீழே இறங்கி வந்த செல்வத்திடம் கொடுத்து மறுபடி மேலே அனுப்பினார். வேட்டியை மடித்து, ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் தள்ளி நின்று தொய்வாகப் பிடித்தோம்.

"இப்போ போடுடா!"

விழுந்தது. வேட்டி பள்ளமாக இறங்கி, பூட்டை ஏந்திக்கொண்டு, மெல்ல நின்றது. சத்தமே இல்லை. மணிக்கட்டில் ஒரு சின்ன இழுப்பு... அவ்வளவுதான்.

அதே பூட்டு. அதே உயரம். படி அதைச் சட்டென்று நிறுத்தப் பார்த்து உடைந்தது. வேட்டி கொஞ்சம் இடம் கொடுத்து நிறுத்தியது. மூன்று வருஷம் பரீட்சையில் எழுதித் தள்ளிய ஃபார்முலா முதல் தடவையாக என் கையில் வந்து உட்கார்ந்தது. வாயைப் பிளந்தபடி நின்றோம், நானும் மாமாவும்.

இப்போது கொட்டிவாக்கத்தில் ஏழாம் மாடி. கதவுக்கு நம்பர் லாக். கீழே நின்று யாரும் கத்துவதில்லை.

போன வாரம் என் மனைவி பால்கனிச் சுவர்மேல் ரோஜாத் தொட்டி ஒன்றை வைத்தாள். எட்டிப் பார்த்தேன். நேர் கீழே வாட்ச்மேன் நாற்காலி போட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

"வெயில் படலன்னா அது செத்துடும்ங்க!"

"செடிதானேம்மா..."