திரையில் விழுந்த கோடுகள்

அந்த வீட்டில் அவருக்குப் பெயரே பெரிய மாப்பிள்ளைதான். மூத்த மகளைக் கட்டியவர். சொந்தப் படகு, சொந்த எஞ்சின், யாரிடமும் கைகட்டி நிற்காத தொழில். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இளையவளைக் கட்டிய சகலையும் ஒரு படகு வாங்கும் வரைக்கும். அதற்குப் பிறகு மாமியார் வாயில் வேறு பேச்சே இல்லை. "சின்ன மாப்பிள்ளை போற பக்கமெல்லாம் மீனு அள்ளுதாமே!" என்பார், பெரியவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே. அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும்? வயிறு எரிந்தது. மழுப்புவானேன், பொறாமைதான். கலப்படமே இல்லாத பொறாமை.

காரணத்தையும் அவர் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார். சகலை படகில் மீன் காட்டும் கருவி ஒன்று இருந்தது. படகின் பின்பலகையில் இருக்கும் சென்சார் தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். அது மீன் மேல் பட்டுத் திரும்பி வந்தால் திரையில் வளைவு வளைவாகத் தெரியும். "மீன் புடிக்கிறது மிஷினு, பேரு மட்டும் அவனுக்கு" என்று மனைவியிடம் பொருமினார்.

"அப்ப நீங்களும் ஒண்ணு வாங்கி மாட்டுங்களேன். யாரு வேணாம்னா?" என்றாள் அவள்.

வாங்கினார், அதே கருவியை. மாட்டியதும் அவரேதான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். சகலை இல்லாத நேரம் பார்த்து அவன் படகில் இறங்கி, சென்சார் எத்தனை விரற்கடை கீழே இருக்கிறது, எஞ்சின் விசிறியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நூல் பிடித்து அளந்தார். அவன் திரையைத் தட்டித் தட்டி, உள்ளே வைத்திருந்த செட்டிங் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டார். தன் படகில் மயிரிழை பிசகாமல் அப்படியே வைத்தார்.

கரையோரம் நிற்கும்போது படம் தெளிவாகத்தான் வந்தது. கடலுக்குள் போனால் திரை முழுக்கச் சாய்ந்த கோடுகள், ஏதோ மழை கொட்டுவது போல. மீனாவது மண்ணாவது! சென்சாரை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். எஞ்சின் வயரோடு ஒட்டிக் கிடந்த சென்சார் வயரைப் பிரித்து எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனார். தனி பேட்டரி கொடுத்தார். எஞ்சினையே அணைத்தும் பார்த்தார். கோடு போகவில்லை. கூப்பிடு தூரத்தில் சகலை மட்டும் தூண்டிலை இழுத்து இழுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் எங்கே நிறுத்தினாலும் பெரியவர் படகும் அங்கே போய் நின்றுவிடும். அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் கரையிலேயே எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "மிஷின் பத்தரமாத்துத் தங்கம்ணே. வாங்க, கடல்லயே பாத்துருவோம்" என்று படகில் ஏறிக்கொண்டார்.

வெகுதூரம் வரை ஒரு கோடும் இல்லை. சகலையின் படகு கண்ணில் பட்டது. பெரியவர் கை தன்னால் சுக்கானை அந்தப் பக்கம் திருப்பியது. கிட்டே போகப் போகக் கோடுகள் வந்துவிட்டன.

"கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார் எலக்ட்ரீஷியன். தள்ளிப் போனதும் கோடுகள் மறைந்தன. "இப்ப மறுபடி கிட்டப் போங்க." மறுபடி வந்தன. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு மிஷினும் ஒரே சுருதியில கத்துதுண்ணே. அது கத்துறது இதுக்குக் கேக்குது. ஆமா, செட்டிங் யாரு வெச்சது? நீங்க எப்பவும் இவரு பக்கத்துலயேதான் நிப்பீங்களா?"

பெரியவருக்குக் காது மடல் சுட்டது. எது வெளியே தெரியக்கூடாது என்று பயந்தாரோ, அதை ஒரு மிஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. மாமியார் வீட்டுக்கு இது எட்டினால் அப்புறம் எந்த முகத்தோடு அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? "மெல்லப் பேசுப்பா" என்றார். காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிடலாம் என்று பார்த்தார். அதற்குள் எலக்ட்ரீஷியன் எழுந்து நின்று கத்திவிட்டார்.

"தம்பி! உங்க திரையிலயும் கோடு விழுதா?"

"விழுதே!" என்றான் சகலை. "அண்ணன் பக்கத்துல வந்தா விழும், போனா சரியாப் போயிரும்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எனக்குத் துணையா இருக்கட்டும்னுதான் வர்றாரு. அவரப் போயி தள்ளி நில்லுங்கன்னு எப்படிச் சொல்றது? அண்ணன் கூட இருக்காருன்னு வீட்லயும் பயமில்லாம இருக்காங்க. அதான் துண்டப் போட்டு மூடிட்டு, தூண்டில் கயிறு கைக்குச் சொல்றத வெச்சே புடிக்கிறேன்."

பெரியவர் எட்டிப் பார்த்தார். திரை மேல் துண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் மீன் பெட்டி நிறைந்து கிடந்தது. ஆக, மிஷின் பிடித்தது என்றும் சொல்லிக்கொள்ள வழியில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். அதற்கும் இடம் வைக்கவில்லை பாவி. வயிறெரிய மீன் ஒன்று போதாதென்று இப்போது அவன் குணமும் சேர்ந்துகொண்டது.

எலக்ட்ரீஷியன் திரையை நாலு தட்டு தட்டிச் சுருதியை மாற்றினார். கோடுகள் போய், அடியில் வளைவுகள் வரிசையாக வந்தன. "போடுங்கண்ணே, கீழயே நிக்குது!"

பெரியவர் தூண்டிலை எடுத்தார்.

"அண்ணே, சரியாயிருச்சா?" என்று அங்கிருந்து கேட்டான் சகலை.

"ஆச்சு."

"அப்பாடா! இனிமே பாருங்க, உங்களுக்குத்தான் அள்ளப் போகுது" என்று அவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.