அம்மாவின் பெருவிரல்

எழுபதுகளில் ஒரு தேர்தலின்போது நான் தூத்துக்குடியில் மாலைப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்தேன். எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவர் கொழும்பில் பிறந்தவர், அவர் மனு செல்லாது என்று பலரும் பேசிக்கொள்வதாக மூன்று நாள் தொடர்ந்து செய்தி போட்டோம். பேசியவர் யாரென்று ஒருநாளும் போடவில்லை.

அந்த வேட்பாளரின் தாய்க்குப் பிரசவம் பார்த்தவள் என் அம்மா. உப்பளத்துக்குப் பின்னால், ஓலை வீட்டில் அவர் பிறந்தார். அம்மா சொல்லச் சொல்ல எழுதி, கீழே அவள் கைநாட்டை வாங்கி ஆசிரியரிடம் கொடுத்தேன்.

"ஏலே, எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள சொல்லுதத எவம்ல நம்புவான்?" என்று சிரித்தார்.

"கொழும்புன்னு சொன்னவன் கைநாட்டுகூட நம்மகிட்ட இல்லையே, அண்ணாச்சி."

"வேலை வேணும்னா அதக் கிழிச்சிப் போடு."

நான் கிழிக்கவில்லை, வேலைதான் போயிற்று. அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் படிப்பகச் சுவரில், எங்கள் பத்திரிகைக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். வாசித்த மீன் வியாபாரி ஒருவர், "என்னயும் அவதாம்ல எடுத்தா. அப்ப நானும் கொழும்பா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் யாரோ தாளைக் கிழித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு எழுதினா கிழிப்பான். பத்தா எழுதுலே."