கவினின் ரகசிய வார்த்தை

அயர்லாந்தில் நான் இருக்கும் சின்ன ஊரில், பேரனைக் கூட்டிப்போக வந்த தாத்தாவை மழையில் நிறுத்திவைத்துவிட்டார்கள். போன கோடையில், சர்ச் வாலிபர்கள் நடத்திய பகல் முகாமில். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை இல்லாத நாட்களில் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குக் காகிதம் வெட்டிக் கொடுப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டாரோடு பேசிவைத்த ரகசிய வார்த்தை ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் பிள்ளையை வெளியே விடுவார்கள். பாவம், மனுசனுக்கு மறந்துபோச்சு. “அவர் அவனோட தாத்தா” என்றேன் வாசலில் காவலுக்கு நின்ற நோராவிடம். “தெரியுமே, எங்க பக்கத்து வீடுதான்” என்றாள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அந்தப் பெண், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோலச் சிரித்துக்கொண்டு. தாத்தாவும் கோபப்படாமல் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லி, பேரனைக் கூட்டிப் போனார்.

எங்கள் கொல்லிமலையில் இது நடக்குமா? சோளக்காடு ஊர்ச் சந்தையில் ஒரு பிள்ளை அழுதால் அன்னாசி விற்கிறவரே தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விடுவார். ஆனாலும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போனது. வெளிநாடு போய்வந்தவள் ஊருக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமல்லவா? இந்த மே மாதம் சாக்லேட்டோடு அதையும் கொண்டுபோனேன்.

போனது என் மகன் கவினைக் கூட்டிவர. நானும் அவன் அப்பாவும் அயர்லாந்து வந்தபோது அவன் மழலை பேசிக்கொண்டிருந்தான். விசா வந்ததும் அழைத்துக்கொள்வோம் என்று என் அக்கா செல்வியிடம் விட்டோம். விசா வந்தது. அப்புறம் வாடகை, ஷிப்ட், வீடு சின்னது என்று தள்ளிக்கொண்டே போனோம். அத்தனையும் சாக்கு என்று எனக்கே தெரியும். இப்போது அவன் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான்.

ஊரில் எங்கள் சின்னச் சபையின் வாலிபர்கள் லீவுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் படமும் சொல்லித் தருகிறார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். கவின் கூடவே வந்தான். முதல் நாளே எல்லோரிடமும் சொன்னேன்: “ஊட்டுக்குப் போயி ஒரு வார்த்தை பேசி வெச்சுக்கோங்க கண்ணுகளா. எத்தனை தெரிஞ்சவங்களா இருந்தாலும் அதைச் சொல்லாம யாரோடயும் போகக்கூடாது.” மறுநாள் சாயங்காலம் மலையிலேயே பைல் நாடு என்கிற பக்கத்துப் பகுதியிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். “ஏனுங்க, பெத்த புள்ளையக் கூப்புட நான் என்னத்தைங்க சொல்லோணும்?” நான் நோரா மாதிரியே சிரித்தேன். என்ன திமிர் எனக்கு!

கவினின் வார்த்தை என்னவென்று நான் கேட்கவே இல்லை. தினமும் மரவள்ளிக் காட்டிலிருந்து அக்கா வருவாள், குனிந்து அவன் காதில் ஏதோ சொல்வாள், இருவரும் முன்னால் போய்விடுவார்கள். நான் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பின்னால் போவேன்.

கடைசி நாள் அக்காவைக் காணோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. “வா சாமி, போலாம்” என்று கை நீட்டினேன்.

அவன் எழவில்லை. “வார்த்தை சொல்லுங்க.”

“நான் உங்கம்மாடா.”

“தெரியுமுங்க. நீங்கதானுங்களே சொன்னீங்க, தெரிஞ்சவங்களா இருந்தாலும் போகக்கூடாதுன்னு.”

விளையாட்டில்லை, குறும்பில்லை. சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். வாலிபப் பெண்கள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பலாச்சுளை? இல்லீங்க. பஸ்? இல்லீங்க. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் வயிற்றில் பிறந்தவனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை! அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அக்கா நனைந்து ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் வாடியது. “அம்மாகிட்டச் சொல்லிடு கண்ணு” என்றாள். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அப்பறம் அம்மா கூப்புட்டா நான் போகோணுமுங்களா, பெரீம்மா?”

அவனை அயர்லாந்து கூட்டிப்போக நான் விமான டிக்கெட் எடுத்திருந்தது ஊருக்கெல்லாம் தெரிந்த மாதிரி அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. நான்தான் சொன்னேன், “வேண்டாஞ் சாமி. சொல்ல வேண்டாம்.”

அவள் குனிந்து அவன் காதில் சொன்னாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். என் மீது இரக்கப்பட்டோ என்னவோ, தோளிலிருந்த பையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். அவர்கள் முன்னால் நடக்க, நனையாமல் அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீடுவரை பின்னாலேயே போனேன்.