வீரவநல்லூரில் மனுவின் பின்பக்கம்

தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு எந்த பஸ், எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதும் நண்பர்களுக்கு இந்தப் பதிவு ஓரளவுதான் உதவும். இது 1996 மாசி மாதத்துப் பயணம். எல்லோரும் அந்தப் பக்கம் அருவி பார்க்கப் போவார்கள். நான் கையெழுத்து வாங்கப் போனேன்.

உலக வர்த்தக ஒப்பந்தம் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரம். பணக்கார நாடுகள் நம் சந்தையைத் திறக்கச் சொல்லின. நம் துணி அவர்கள் நாட்டுக்குள் இவ்வளவுதான் வரலாம் என்று அளவும் வைத்திருந்தன. இந்த ஓரவஞ்சனையை எதிர்த்துப் போராடும்படி நம் அரசைக் கேட்டு, சென்னையில் ஒரு குழு மனு அச்சடித்து அனுப்பியிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. உலகத்தைத் திருத்திவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன். கூட வந்தவர் எங்கள் மாவட்டப் பொறுப்பாளர் ஞானராஜ் அண்ணன், தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர்.

திருநெல்வேலி ஜங்ஷனில் 7.10க்கு வரவேண்டிய பாபநாசம் பஸ் 8.05க்கு வந்தது. வீரவநல்லூர் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். எங்கள் மனுக் கட்டைப் பார்த்த கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

"வெறும் பேப்பர்தான் அண்ணாச்சி," என்றேன்.

"பேப்பருக்கு எடை கிடையாதா வே? ரெண்டு பேரு நிக்க எடத்துல கெடக்குல்லா?"

ஞானராஜ் அண்ணன் அவருக்கு உலக வர்த்தக அநீதியை விளக்க ஆரம்பித்தார். சேரன்மகாதேவி தாண்டியும் முடிக்கவில்லை. கண்டக்டர் சீட்டைக் கிழித்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு முன்னால் போய்விட்டார்.

வீரவநல்லூரில் இறங்கும்போது 9.20. வெளிநாட்டுக்குப் போகும் மேசை விரிப்புகளை அந்த ஊர்த் தறிக்காரர்களிடம் கூலிக்கு நெய்து வாங்கும் ஒரு வியாபாரி, சரக்கு அடுக்கும் தன் கிட்டங்கியைக் கூட்டம் நடத்தக் கொடுத்திருந்தார். தாராள மனசு என்று நினைத்தேன். அந்த ஏற்றுமதி அளவு நீங்கினால் அவருக்கு வியாபாரம் கூடும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பத்து மணிக்கு வரவேண்டிய நெசவாளர்கள் பதினொன்றே காலுக்கு வந்தார்கள், நாற்பது பேர் இருக்கும். ஞானராஜ் அண்ணன் ஒரு மணி நேரம் பேசினார். பாதி வார்த்தை எனக்கே புரியவில்லை. மனுவோ முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது! நெசவாளிக்காக எழுதிய மனுவை நெசவாளி படிக்க முடியாது என்பது சென்னையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருந்தாலும் வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் பேனாவை வாங்கவில்லை. பெயர் சண்முகத்தாய்.

"என்ன எழுதியிருக்கு தம்பி? தமிழ்ல சொல்லுங்க," என்றார். சொன்னேன்.

"அவுக நம்ம துணிய கூடுதலா வாங்குனா எடங்குடுத்த இந்த அண்ணாச்சிக்கு யாவாரம் பெருகும். எனக்குக் கூலி கூடுமா?"

"அது உள்ளூர் விசயம்மா. இது உலகப் பிரச்சினை," என்றார் ஞானராஜ் அண்ணன்.

"எனக்கு எல்லாமே உள்ளூர்தான் சார்."

மேசைக்குப் பின்னாலிருந்த வியாபாரி, "சண்முகத்தாயி, வந்த வேலைய மட்டும் பாரு," என்றார்.

"அதத்தான் பாக்கேன் அண்ணாச்சி. கூலியயும் எழுதுங்க தம்பி, போடுதேன்."

முன்பக்கத்தில் இடமில்லை. தாளைத் திருப்பி, 'ஏற்றுமதியில் கூடும் விலையில் நெய்பவருக்கு உரிய பங்கு வேண்டும்' என்று தமிழில் எழுதினேன். அவர் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முன்பக்கம் போட்டுவிட்டுப் போனவர்களில் பதினேழு பேர் திரும்பி வந்து, பின்பக்கமும் போட்டார்கள். வியாபாரி எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். கூட்டம் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஞானராஜ் அண்ணன் என்னை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் இரண்டு சேதிகள் வந்தன. வியாபாரி சண்முகத்தாய்க்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார், தறி சும்மா கிடக்கிறது என்பது ஒன்று. பின்பக்கம் எழுதிய தாளை ஏற்க முடியாது என்று சென்னைக் குழு திருப்பி அனுப்பியது இன்னொன்று.

"முன்பக்கத்துப் பேர, கையெழுத்த மட்டும் புதுத் தாள்ல நீயே போட்டுரு. யாரு பாக்கப் போறா?" என்றார் ஞானராஜ் அண்ணன்.

"அப்புறம் நமக்கும் அந்த வியாபாரிக்கும் என்னண்ணே வித்தியாசம்?" என்று கத்திவிட்டேன். பிறகு நாங்கள் சேர்ந்து எங்கும் போகவில்லை.

மறு ஞாயிறு தனியாகப் போனேன். முப்பது கிலோமீட்டரும் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றே யோசனை. சண்முகத்தாய் வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டது. அந்தப் பதினேழு பேரும் அவருக்குக் கொடுக்காத பாவு எங்களுக்கும் வேண்டாம் என்று ஐந்து நாள் தறியை நிறுத்தியிருக்கிறார்கள். கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு நின்றதும் வியாபாரியே சண்முகத்தாய்க்குப் பாவு கொடுத்து ஆள் அனுப்பியிருக்கிறார்.

"கூலி கூடுச்சா அக்கா?"

"ஒண்ணும் கூடல. கேக்கவே கூடாதுன்னு இருந்துச்சு. இப்பம் கேக்கோம்."

சென்னை திருப்பி அனுப்பியதைத் தலைகுனிந்து சொன்னேன். அவர் தறியை விட்டு எழவே இல்லை.

"நம்ம மனுவ நாமளே அனுப்புனா என்ன? டெல்லிக்குத் தபால் போகாதா?"

மறுநாள் ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கப் பல வருடம் ஆனது. அதில் எங்கள் தாளுக்குப் பங்கு உண்டா என்று தெரியாது. உண்டு என்று சொல்பவர்களைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது. இதுபோன்ற வேலையாக ஊர்களுக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்: தமிழில் மனு கொண்டுபோங்கள். யார் இடம் கொடுக்கிறார், ஏன் கொடுக்கிறார் என்று முதலிலேயே விசாரியுங்கள். உங்களால் ஒருவருக்குச் சிக்கல் வந்தால் ஒரே வாரத்தில் அவரைப் பார்க்கத் திரும்பிப் போங்கள். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. ஒப்புகை அட்டை மட்டும் முத்திரையோடு மூன்று வாரத்தில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் வீரவநல்லூர் போனேன். சண்முகத்தாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"அங்கே வாங்கின ஆளோடதுக்கா. கிடைத்தது என்று போட்டிருக்கார். அவ்வளவுதான்."

"அவ்வளவு போதும் தம்பி. இனிமே 'எங்களுக்குத் தெரியாது'ன்னு டெல்லிக்காரவுக சொல்ல முடியாதுல்லா."

அட்டையைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.