எதிர்மரை

மெக்கானிக் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, ஸ்பேனர்தான் பேசும் என்று அவள் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு கார் ஷெட்டில் இரண்டுமே பேசின. ஷெட்டில் கார் என்று ஒன்று எந்தக் காலத்திலும் நின்றதில்லை. ஒரு பழைய டூரிங் பைக் நின்றது. கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க அவள் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் தகர டப்பாவில் டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தம் யார் காதில் விழ வேண்டுமோ அந்தப் புருஷன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தபடி இருந்த ஆள் அசையவில்லை.

நடந்தது என்னவென்றால், முந்தின நாள் சாயங்காலம் கொழுந்தன் போன் பண்ணினான். நாளைக் காலையில் பைக்கை எடுத்துக்கொள்ள வருகிறானாம், அண்ணன் சொல்லிவிட்டாராம். கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். போனை வைத்துவிட்டுப் புருஷனிடம் கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"ஆமா, நான்தான் சொன்னேன். சும்மா நிக்கிற வண்டிதானே. அவனாவது ஓட்டட்டும்."

சும்மா நிக்கிற வண்டியாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மாதம்! வாரம் ஆறு நாள் தொழிற்சாலையில் நூற்றிருபது தையல் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் முழுக்க இந்த இரும்போடு மல்லுக்கட்டியிருக்கிறாள். டேங்குக்குள் துரு பிடித்துக் கிடந்தது. போல்ட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, தோள்பட்டை இற்றுப்போகும் வரை சுத்தம் பண்ணினாள். முன் ஷாக்கில் எண்ணெய் ஒழுகியது, சீல் மாற்றினாள். செயின், பல்சக்கரம், பிரேக் கட்டை எல்லாம் புதுசு. பொட்டுவெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த ஹெட்லைட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்.ஈ.டி. மாட்டினாள். காற்றுத் தடுப்புக் கண்ணாடியை நான்கு விரல் உயர்த்தினாள். இத்தனையும் செய்து வைத்தால், சும்மா நிக்கிற வண்டி! அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

அவள் ஒன்றும் பிறக்கும்போதே ஸ்பேனரோடு பிறந்தவள் இல்லை. பதினெட்டு வயதில் மெஷினில் தைக்கப் போனவள்தான். மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். கூலி பீஸ் கணக்கில் என்பதால் அவளுக்கு வயிறு எரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் தானே கழற்றினாள். மரை கழண்ட கேஸ் என்று ஆண்கள் சிரித்தார்கள். அன்று அவளைக் குப்புறத் தள்ளியது ஒரு திருகு. எவ்வளவு முறுக்கியும் வராமல் தலை உடைந்துபோயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அது எதிர்மரை. ஊரிலுள்ள திருகெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இது இடப்பக்கம் திருப்பினால் இறுகும். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு ஆயுசுக்கும் போதும். அதற்குப் பிறகு ஒரு திருகைத் தொடும் முன் இரண்டு தடவை பார்ப்பாள். பத்து வருஷத்தில் அந்த ஆண்களே மெஷின் நின்றால் அவளைத் தேடி வந்தார்கள்.

பைக்கை வாங்கியது புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான். மூன்று கை மாறி வந்த வண்டி. அவருக்கு அச்சகத்தில் வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இருவருக்கும் ஒன்றாக லீவு அமைந்ததே இல்லை. ஒரு பத்து நாள், கடற்கரை ரோட்டைப் பிடித்து அது முடிகிற இடம் வரை போய் வரலாம், அவர் ஓட்டுவார், அவள் பின்னால் உட்காருவாள் என்று பேச்சு. வாங்கி இரண்டாம் மாதம் அச்சு மெஷினின் உருளை அவருடைய வலக்கையை இழுத்துக்கொண்டது. விரல்கள் மிஞ்சின, ஆனால் மடங்கவில்லை. பைக்கில் ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் வலக்கையில்தான் இருக்கின்றன. அதற்கு மேல் யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனுஷன் பைக் என்ற வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை. மற்றதற்கெல்லாம் ஒரே பதில், வேணாம். காபி? வேணாம். நடந்துவிட்டு வரலாமா? வேணாம். நண்பர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள். வேணாம். இறுக்கினால் கழன்றுகொள்கிற இந்த ஆளுக்கு அவள் வைத்த பெயர்தான் எதிர்மரை. முகத்துக்கு நேரேயே கூப்பிட்டாள். அதற்கும் அவர் கோபப்படவில்லை என்பதுதான் அவளுடைய பெரிய கோபம்.

அவளே ஓட்டப் பழகினாள். நாற்பத்தாறு வயதில் கியர் பைக்குக்கு லைசென்ஸ் எடுத்தாள். பயிற்சிப் பள்ளிக்காரன் வண்டி யாருக்கு என்று மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் எனக்கு என்றாள். பின் சீட்டைப் பிரித்து, தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, தொழிற்சாலையிலேயே ரெட்டைத் தையல் போட்டு அகலமாக்கினாள். முதுகு சாய ஒரு மெத்தை வைத்தாள். இடப்பக்கம் மட்டும் ஒரு கைப்பிடி பற்றவைத்தாள். அந்த சீட்டில் அவர் ஏறி உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. மற்றதெல்லாம் வெறும் இரும்பு. ஆனால் அதை மட்டும் அவள் கேட்கவே இல்லை. காபிக்கு வருகிற வேணாமைத் தாங்கிக்கொள்ளலாம். இதற்கு ஒரு வேணாம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம்.

கொழுந்தன் ஒன்பது மணிக்கு ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றான். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. என்ன, புத்திக்கு முன்னால் கை முந்தும். பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். அண்ணி கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று வாயாரப் புகழ்ந்தான். பின் சீட்டருகே வந்ததும் நின்றான்.

"இது என்ன அண்ணி ஒத்தக் கைப்பிடி? அந்தப் பக்கத்துது மறந்துட்டீங்களா? கழட்டிரலாம், பை கட்டறதுக்கு இடைஞ்சல்."

ஸ்பேனரை அவன் தலைமேல் போடாமல் இருந்ததற்கு அவளுக்கு ஒரு விருது கொடுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, வலப்பக்கக் கண்ணாடி இன்னும் இறுக்கவில்லை, எதையும் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். பீரோவைத் திறந்தாள். வண்டிப் புத்தகத்தை எடுத்துப் புருஷன் மடியில் விட்டெறிந்து, உங்கள் கையாலேயே கொடுத்துத் தொலையுங்கள் என்று கத்தப்போகிறாள். மனசுக்குள் நாலு தடவை கத்தியும் பார்த்துவிட்டாள். புத்தகம் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

தொடாதே என்றால் தொடுகிற ஜாதி அவன். பக்கவாட்டுக் கண்ணாடி ஆடுவதைப் பார்த்தான், இறுக்கிக் கொடுப்போமே என்று வலப்பக்கம் திருப்பினான். அது கழன்று கையோடு வந்தது. திரும்ப வைத்துத் திருப்பினான், பிடிக்கவில்லை. மரை தேய்ந்திருக்கிறது என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, ஸ்பேனரைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, மூச்சைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தான்.

பீரோ முன்னால் நின்றவளுக்கு முதலில் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல். அந்தக் குரல் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"டேய், நிறுத்துடா! அது எதிர்மரை. இடப்பக்கம் திருப்பணும். அந்தப் பக்கம் வண்டி மோதினா ஒடையாம கழண்டு குடுக்கறதுக்குன்னு அப்படி வெச்சிருக்கான். அதுக்கடியில இருக்கறது பிரேக் சிலிண்டர். அவ அத மூணு தடவ பிரிச்சு மாட்டியிருக்கா. மரைய கெடுத்தேன்னு வை, தொலைஞ்ச."

அவள் புத்தகத்தோடு அப்படியே நின்றாள். மூன்று தடவை. அவளுக்கே எண்ணிக்கை ஞாபகமில்லை. எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் சுவரைப் பார்க்கவில்லை. ஏழு மாதமும் ஜன்னல் வழியாக இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சந்தோஷம் வர வேண்டிய இடம். வரவில்லை. வந்தது இத்தனை நாள் சேர்த்துவைத்த கோபம் மொத்தமும்.

வெளியே வந்தபோது அவர் ஷெட் வாசலில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க. பாத்துக்கிட்டே இருந்துட்டு சும்மா நிக்கிற வண்டின்னு எப்படிங்க சொல்ல வந்துச்சு? இந்த சீட்டு யாருக்குன்னு நெனச்சீங்க? இந்த ஒத்தக் கைப்பிடி யாருக்கு?"

"நீ சொல்லவே இல்லையே."

"கேட்டா வேணாம்பீங்க."

அவர் மறுக்கவில்லை. "சொல்லியிருப்பேன்" என்றார்.

பொய் சொல்லியாவது சமாளிப்பார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் தம்பியிடமிருந்து கண்ணாடியை இடக்கையால் வாங்கினார். ஓட்டைக்குள் இருந்த தூசியை ஊதினார். மரையை மெதுவாகப் பொருத்தி இடப்பக்கம் திருப்பினார். சாதாரணத் திருகுகளோடு அந்தக் கை ஏழு மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஜாடி மூடி, குழாய், எல்லாமே வலக்கைக்காரனுக்குச் செய்தவை. இது இடக்கையின் போக்கிலேயே போயிற்று. கடைசிச் சுற்றுக்கு ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, நட்டைப் பிடித்து, அழுத்தமாக ஒரு இறுக்கு இறுக்கினார். அதற்கப்புறம் கண்ணாடியைப் பிடித்துக் கீழே சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

கொழுந்தன் தயங்கினான். "இவ்வளவு கீழ வெச்சா எனக்கு ரோடு தெரியாதேண்ணே."

"உனக்குத் தெரிய வேணாம்டா."

அவளுடைய தலை கொழுந்தனின் தோள் உயரத்துக்குத்தான் வரும். போய் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். பின்னால் தெருமுனை வரை தெளிவாகத் தெரிந்தது. கொழுந்தன் தன் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உள்ளே காபி இருக்குமா அண்ணி என்று கேட்டுவிட்டு நகர்ந்தான். கொஞ்சம் புத்தியும் இருக்கத்தான் செய்தது.

சுவரில் ஆணியில் இரண்டாவது ஹெல்மெட் தொங்கியது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாதது. அவர் அதை எடுத்து, இடக்கையாலேயே தூசியைத் தட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். தாடைப் பட்டையை மாட்டப் பார்த்தார். ஒற்றைக் கையால் முடியவில்லை. இரண்டாம் தடவையும் முடியவில்லை. முன்பு என்றால் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போயிருப்பார்.

பைக் அருகே வந்து அவள் முன்னால் முகத்தை நீட்டினார்.

"இதை மாட்டி விடு."

அவள் கிரீஸ் கையோடு பட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏழு மாதத்தையும் சேர்த்து இழுத்தாள்.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும். ஏறுங்க."